எல்லாவற்றுக்கும் ‘ஆம்’

ஆயுத பூஜையன்று காக்களூர் சிட்கோவிலோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ ஒரு சுற்று வந்தால், லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருப்பதைப் பார்க்கலாம். அதை மூடப்பழக்கம் என்று சொல்லும் பொறியாளர்கள் நிறையப் பேர் உண்டு. நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அவர்களில் மென்பொருள் எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. புதிதாக ஒரு லைப்ரரி தொடங்கும் அன்று நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஒரு கட்டளை அடிக்கிறீர்கள். பத்துப் பன்னிரண்டு கோப்புகள் வந்து விழுகின்றன. உரிமம், நடத்தை விதி, சோதனை, பாதுகாப்பு அறிவிப்பு என்று எல்லாம் தயாராக இருக்கிறது. அவற்றில் ஒன்றையும் படிக்காமல் உலகத்துக்கு வெளியிடுகிறீர்கள். லேத்தில் இருக்கும் குங்குமத்தை நம்பி எந்த வாடிக்கையாளரும் ஆர்டர் கொடுப்பதில்லை. உங்கள் லைப்ரரியின் முகப்பில் ‘சோதனை தேர்ச்சி’ என்று இருக்கும் பச்சை அடையாளத்தை நம்பி, முன்பின் தெரியாதவர்கள் தங்கள் வேலையை அதன்மேல் கட்டுகிறார்கள். இந்த இரண்டு சடங்குகளில் எதனால் அடுத்தவருக்குக் கேடு?

கடம்பத்தூரில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை என்று தினமும் அரக்கோணம் மார்க்க ரயிலில் போய்வரும் ஓர் இளைஞரை வைத்துப் பேசுவோம். டிப்ளமோ முடித்தவர், கம்பெனியில் அப்ரண்டிஸ். கேட் பாஸிலும் அடையாள அட்டையிலும் தமிழ்ப் பெயர்களைச் சிறிய இடத்துக்குள் அழகாக அச்சிட ஒரு நிரல் எழுதினார், நன்றாக வந்தது, அதை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் லைப்ரரியாக வெளியிட ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஆசை. தமிழுக்கு இப்படிப்பட்ட சின்னச் சின்னக் கருவிகள் நூற்றுக்கணக்கில் தேவைப்படுகின்றன.

அவர் முதலில் தேடுவது சட்டகத்தை, அதாவது எல்லாரும் ‘டெம்ப்ளேட்’ என்று சொல்கிற வெற்றுக்கூட்டை. ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிறவர் என்றால் ‘என்பிஎம் இனிட்’ என்று அடிப்பார். அது வரிசையாகக் கேள்வி கேட்கும்: பெயர் என்ன, எதற்காக இந்த லைப்ரரி, சோதனையை எப்படி ஓட்டுவது, எழுதியவர் யார், என்ன உரிமம்? கேள்விகள் ஒவ்வொன்றும் யோசிக்க வேண்டியவை. ஆனால் அந்தக் கட்டளைக்குப் பின்னால் ‘ஒய்’ என்ற ஒற்றை எழுத்தைச் சேர்த்துவிட்டால் ஒரு கேள்வியும் வராது. எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதாக அர்த்தம். பெரும்பாலான பயிற்சி வீடியோக்கள் சொல்லித்தருவது அந்த ‘ஒய்’யைத்தான். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் ஒரு வாக்கியம் சொன்னால் அந்த எழுத்தைக்கூட அடிக்க வேண்டியதில்லை.

கேள்வி கேட்கப்படுவதற்கு முன்பே பதில் சொல்லிவிடும் பழக்கத்தைத்தான் பகுத்தறிவு இயக்கம் இந்த மண்ணில் எதிர்த்தது. முன்னோர் வைத்தது, எல்லாரும் செய்கிறது, கேட்காதே, செய். கணினி முன்னால் உட்கார்ந்ததும் அந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பைத்தானில் ‘குக்கிகட்டர்’ என்று ஒரு கருவி உண்டு. ஆட்ரி ராய் கிரீன்ஃபெல்ட் 2013இல் கொடுத்த நல்ல கருவி. அவர் தாமே உருவாக்கிய பைத்தான் டெம்ப்ளேட்டில் ‘முழுப் பெயர்’ என்ற கேள்விக்கு மாதிரிப் பதிலாகப் பல ஆண்டுகள் அவருடைய சொந்தப் பெயரே இருந்தது. எல்லாக் கேள்விக்கும் என்டர் தட்டிக்கொண்டே போனால் நீங்கள் ராத்திரி கண் விழித்து எழுதிய லைப்ரரிக்கு ஆசிரியர் அவர் ஆகிவிடுவார். அவர் மேல் குற்றமில்லை. மாதிரி என்று சொல்லித்தான் வைத்தார். என்டர் தட்டுவது ஒரு கையெழுத்து என்பதை உணராத நாம்தான் இங்கே பொறுப்பாளி.

சோதனைக்கு வருவோம். ரஸ்ட் மொழியில் ‘கார்கோ நியூ’ போட்டு லைப்ரரி தொடங்கினால், இரண்டையும் இரண்டையும் கூட்டினால் நான்கு வருகிறதா என்று பார்க்கும் ஒரு சோதனை தானாக எழுதப்பட்டிருக்கும். அந்தச் சோதனைக்குப் பெயர் ‘இது வேலை செய்கிறது’. ஒரு வரிகூட எழுதாத லைப்ரரியை ஓட்டிப் பார்த்தால் ‘ஒரு சோதனை, தேர்ச்சி’ என்று வரும். சோதனை எப்படி எழுதுவது என்று புதியவருக்குக் காட்டத்தான் அது இருக்கிறது. அதை நீக்காமல், சொந்தச் சோதனை ஒன்றும் எழுதாமல், ‘எல்லாச் சோதனையும் தேர்ச்சி’ என்ற பச்சை அடையாளத்தோடு வெளியிடுகிறவர் பொய் சொல்கிறார். நான் இதைவிட மென்மையான சொல்லைத் தேடப் போவதில்லை.

என்பிஎம் வேறு மாதிரி. சோதனைக் கட்டளை என்ன என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாவிட்டால், ‘பிழை: சோதனை எதுவும் குறிப்பிடப்படவில்லை’ என்ற செய்தியைக் காட்டி, தோல்வியைக் குறிக்கும் 1 என்ற எண்ணோடு வெளியேறும்படி அது எழுதி வைக்கிறது. நான் பார்த்த சட்டகங்களிலேயே நேர்மையான வரி இதுதான். இல்லாததை இல்லை என்கிறது. ஆனால் இந்த 1ஐ 0 என்று மாற்றிவிட்டால் தானியங்கிச் சோதனை பச்சை காட்டும். ஓர் எண்ணை மாற்றினால் போதும், ‘இல்லை’ என்பது ‘உண்டு’ ஆகிவிடும். அப்படி மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், மாற்றச் சொல்லிக்கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நம் பகுதியில் உதிரிபாகக் கம்பெனிகளில் நின்று வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். ஷிப்ட் தொடங்கியதும் முதல் பீஸை வெர்னியரிலும் பிளக் கேஜிலும் அளந்து, செக் ஷீட்டில் அளவை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அளக்காமலே எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து வரிசையாக ‘ஓகே’ போட்டு வைத்தால், ஆடிட்டில் மாட்டினால் வேலை போகும். போகத்தான் வேண்டும், ஏனென்றால் அந்தத் தாளை நம்பித்தான் பிரேக் பாகம் வண்டியில் ஏறுகிறது. ஐடிஐ முடித்து மிஷினில் நிற்கும் பையனிடம் நாம் எதிர்பார்க்கும் இந்த நேர்மையை, குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கும் பொறியாளரிடம் எதிர்பார்க்காமல் இருப்பதற்குக் காரணம் ஏதாவது உண்டா?

உரிமம் என்ற கோப்பு இன்னும் சிக்கல். ‘அண்ணா, லைசென்ஸ்னு கேக்குது, என்ன போடறது?’ ‘எல்லாரும் எம்ஐடி போடுறாங்க தம்பி, நீயும் போட்டுடு.’ பெரும்பாலும் உரையாடல் இத்தோடு முடிந்துவிடும். எம்ஐடி உரிமம் மிகச் சிறியது, ஒரு டீ குடிக்கும் நேரத்தில் படித்துவிடலாம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம், உங்கள் பெயரும் இந்த அறிவிப்பும் மட்டும் கூடவே இருக்க வேண்டும், எந்த உத்தரவாதமும் கிடையாது என்று அது சொல்கிறது. உழைப்பை இப்படி உலகத்துக்குக் கொடுப்பது பெரிய மனம்தான். ஆனால் கொடுக்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறதா? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 17ஆவது பிரிவைப் பாருங்கள். வேலையில் இருக்கும்போது, அந்த வேலையின் பகுதியாக ஒருவர் உருவாக்கும் படைப்பு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்குச் சொந்தம். அப்ரண்டிஸுக்கும் அந்தப் பிரிவு பொருந்தும். கணினி நிரலும் சட்டத்தின் பார்வையில் இலக்கியப் படைப்பு. நம் கடம்பத்தூர் இளைஞர் கம்பெனி நேரத்தில், கம்பெனி வேலைக்காக எழுதிய நிரலை எம்ஐடி போட்டு வெளியிட்டால், தனக்குச் சொந்தமில்லாத ஒன்றைத் தானம் செய்கிறார். அதை நம்பி எடுத்துக்கொண்டவர்களையும் வம்பில் மாட்டுகிறார். இதையெல்லாம் எந்த டெம்ப்ளேட்டும் கேட்காது. அவராகத்தான் மேலாளரிடம் போய்க் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அந்தச் சட்டம் அப்ரண்டிஸுக்கு நியாயமா என்பது வேறு வழக்கு. என் கருத்தில் நியாயமில்லை. ஆனால் நியாயமில்லை என்று சொல்லிப் போராடுவதும், தெரியாமல் என்டர் தட்டுவதும் ஒன்றல்ல.

நடத்தை விதிக் கோப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொரலைன் ஆடா எம்கே 2014இல் எழுதிய ‘காண்ட்ரிபியூட்டர் கவனன்ட்’ என்ற விதிதான் பெரும்பாலான இடங்களில் புழங்குகிறது. யாராவது உங்களை இழிவுபடுத்தினால் இந்த முகவரிக்குப் புகார் செய்யுங்கள் என்று அதில் வரும். முகவரி இருக்க வேண்டிய இடத்தில், ‘தொடர்பு கொள்ளும் வழியை இங்கே எழுதுக’ என்று சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். அந்தக் குறிப்பை அப்படியே விட்டு வெளியான லைப்ரரிகள் ஏராளம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க உள் குழு அமைக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. குழு உறுப்பினர் பெயர் எழுதும் இடம் வெறுமையாக விடப்பட்ட ஓர் அறிவிப்பை ஒரு தொழிற்சாலை சுவரில் ஒட்டினால் நாம் அதை என்ன சொல்வோம்? பாதிக்கப்பட்ட ஒரு பெண் அந்தக் கோப்பைத் திறந்து, புகார் சொல்ல வழி தேடி, அந்த அடைப்புக்குறியைப் பார்க்கும் நேரத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

என்னை மிகவும் உறுத்துவது இவையெல்லாம் அல்ல, பெயர்க் கட்டம்.

ஜாங்கோ என்ற பைத்தான் சட்டகத்தில் ஒரு புதிய புராஜெக்ட் தொடங்கினால், பயனர்களைக் கையாளும் பகுதியும் கூடவே வருகிறது. அதில் ‘முதல் பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என்று இரண்டு கட்டங்கள். அமைப்புக் கோப்பில் மொழி அமெரிக்க ஆங்கிலம் என்று எழுதியிருக்கும். ஜாங்கோ உருவானது அமெரிக்காவில், அந்த ஊர் வழக்கத்தை எழுதினார்கள். அது அந்தக் கட்டங்களைக் கட்டாயமாக்கவும் இல்லை. அதன்மேல் செயலி கட்டும் நாம்தான் ‘கடைசிப் பெயர் கட்டாயம்’ என்று ஒரு நட்சத்திரக் குறி போட்டுச் சிவப்பில் காட்டுகிறோம். நம்மில் பெரும்பாலோருக்குக் கடைசிப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, இப்போது பலருக்கு அம்மா பெயரின் முதல் எழுத்தும் சேர்த்து, அதன் பின் சொந்தப் பெயர், அவ்வளவுதான்.

இந்த வழக்கம் சும்மா வந்துவிடவில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. கடம்பத்தூரும் திருவள்ளூரும் அப்போது அந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தன. டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமை தாங்கினார். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். போட்டவர்கள் தங்கள் பெயரிலிருந்தே தொடங்கினார்கள். மகனுக்கும் பேரனுக்கும் சாதி வாலில்லாத பெயரைக் கொடுத்தார்கள். இந்தியாவில் வேறெங்கும் இந்த அளவுக்கு நடக்காத காரியம் அது. ஒருவரின் பெயரைக் கேட்டு அவர் சாதியை எடைபோட முடியாத ஒரு சமூகம் பாதியாவது உருவானது என்றால், அந்தத் தீர்மானத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

அப்படி வெட்டியெறிந்ததை வைக்க மறுபடியும் இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது அந்தக் கட்டம். காலியாக விட்டால் படிவம் போகாது. அப்பா பெயரைப் போட்டால் ஒரு பெண்ணை ஆயுளுக்கும் அப்பா பெயரில் கூப்பிடுவார்கள். இனிஷியலைப் போட்டால் ‘குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்’ என்று சண்டை போடும். மிச்சம் இருப்பது, தாத்தா விட்டெறிந்த சாதிப் பட்டம். இதை யாரும் சதி செய்து நுழைக்கவில்லை. யோசிக்காமல் ஒரு சட்டகத்தை எடுத்ததால் நுழைந்தது. சாதி அதிகம் பரவியதும் இப்படித்தான், கொடியவர்களின் முயற்சியால் பரவியதைவிட ‘எல்லாரும் இப்படித்தான்’ என்று என்டர் தட்டியவர்களால் பரவியது அதிகம்.

நம் இளைஞரின் லைப்ரரி பெயர்களை அச்சிடுவது. அவருக்கு இன்னொரு சோதனையும் காத்திருக்கிறது. ‘கடம்பத்தூர்’ என்பதில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டு எண்ணி ஏழு என்று சொல்லும். பைத்தானிடம் நேரடியாகக் கேளுங்கள், பதினொன்று என்னும். புள்ளியையும் ஊகாரக் குறியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. அட்டையில் பத்து இடம்தான் இருக்கிறது, அதற்குமேல் வெட்டிவிடு என்று கட்டளையிட்டால் ‘கடம்பத்தூர’ என்று அச்சாகும். ர் மேல் இருந்த புள்ளி போய்விட்டது. ஊழியர் பட்டியலை அகர வரிசையில் அடுக்கச் சொன்னால் மயிலுக்கு முன்னால் மனம் வந்து நிற்கும், ன நம் நெடுங்கணக்கில் கடைசி மெய்யாக இருந்தும்.

இதற்குக் காரணமும் ஒரு சட்டகம்தான். இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘இஸ்கி’ என்ற குறியீட்டுத் தரம் இருந்தது. யூனிகோடு 1991இல் அதன் அடிப்படையில் தமிழுக்கு இடம் ஒதுக்கியது. தேவநாகரிக்குப் பொருந்தும் அந்த வரிசையில் தமிழைப் பொருத்தினார்கள். க என்ற எழுத்துக்கும் ங என்ற எழுத்துக்கும் நடுவில் இன்றைக்கும் மூன்று இடங்கள் காலியாக இருக்கின்றன, தமிழில் இல்லாத மூன்று எழுத்துகளுக்காக. ந பக்கத்தில் ன வந்து உட்கார்ந்தது, ர பக்கத்தில் ற. ஒருமுறை குறியிட்ட எழுத்தை இடம் மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதியான கொள்கை, ஆகவே இது இனி மாறப்போவதில்லை. தமிழக அரசு 2010இல் யூனிகோடோடு ‘டேஸ் 16’ என்ற மாற்றுக் குறியீட்டையும் ஏற்றது. புழக்கத்தில் நின்றது யூனிகோடுதான். அடுத்தவர் வீட்டு வரைபடத்தில் குடியேறியதன் விலையை நாம் ஒவ்வொரு நிரலிலும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கொடுக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். முத்து அண்ணாமலை முதலானோர் கட்டியெழுப்பிய ‘ஓப்பன்-தமிழ்’ என்ற பைத்தான் லைப்ரரி, உயிர்மெய்யை ஒரே எழுத்தாக எடுத்துக்கொண்டு, ‘கடம்பத்தூர்’ என்பதை ஏழாகவே பிரித்துக் கொடுக்கும். அதை எழுதியவர்கள் கிடைத்த வரிசையைக் கேள்வி கேட்டவர்கள்.

‘அப்படியானால் எல்லாவற்றையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கணுமா?’ என்று கேட்பார்கள். வேண்டாம். கடம்பத்தூர் பக்கத்து அதிகத்தூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை இருந்தது. 1998இல் ஜப்பானின் மிட்சுபிஷி லான்சர் காரை அங்கே தயாரிக்கத் தொடங்கினார்கள். பின்னால் அந்த ஆலை கைமாறி, இப்போது பிரான்ஸ் நாட்டு சிட்ரோயன் கார்கள் அங்கிருந்து வருகின்றன. வடிவமும் பெயரும் வெளியூர்தான். பிரான்சில் ஸ்டியரிங் இடப்பக்கம், இங்கே வெளிவரும் காரில் வலப்பக்கம். ‘டெம்ப்ளேட்டில் அப்படித்தான் இருந்தது’ என்று யாரும் இடப்பக்கமே வைத்து அனுப்பவில்லை.

பெரியார் எழுத்தைச் சீர்திருத்தியதும் இப்படித்தான். 1935இல் ‘குடி அரசு’ இதழில் அவர் மாற்றியது சில எழுத்து வடிவங்களை மட்டும். னை, லை போன்றவை ஏன் மற்ற ஐகார எழுத்துகளைப் போல் இல்லாமல் தனியாகத் துதிக்கை வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்டார். காரணம் கிடைக்கவில்லை, மாற்றினார். காரணம் இருந்த நூற்றுக்கணக்கான வடிவங்களை அப்படியே வைத்துக்கொண்டார். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையிட்டபோது அதுவே பள்ளிக்கூட எழுத்தானது. இன்றைக்கு நீங்கள் இந்தக் கட்டுரையைப் படிப்பது அந்த எழுத்தில்தான்.

நேரமில்லை என்பது அடுத்த சாக்கு. சட்டகத்தில் வரும் கோப்புகளை முழுக்கப் படிக்க ஒரு மாலை போதும். படிக்காததன் விலையை 2016 மார்ச்சில் உலகம் பார்த்தது. ‘லெஃப்ட்-பேட்’ என்ற பதினோரு வரி லைப்ரரியை அதை எழுதியவர் விலக்கிக்கொண்டதும் பெரிய பெரிய நிறுவனங்களின் கட்டுமானங்கள் நின்றுபோயின. அது தங்கள் நிரலுக்குள் இருக்கிறது என்பதே அவர்களில் பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. யாரோ கொடுத்த சட்டகத்தின் வழியாக, அதற்குள் இருந்த இன்னொன்றின் வழியாக வந்திருந்தது.

தம்பி, தங்கைகளே, கடம்பத்தூரோ கும்மிடிப்பூண்டியோ, எங்கிருந்து எழுதினாலும் எழுதுங்கள். உங்கள் முதல் லைப்ரரியின் முதல் சோதனையில் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு எழுத்தை எண்ணிப் பாருங்கள். இனிஷியலோடு உங்கள் பெயரை எழுதுங்கள், அதை ஏற்காத கட்டத்தைத் திருத்துங்கள். கடைசிப் பெயரைக் கட்டாயமாக்கி வைத்திருக்கும் மூத்தவர்கள் அந்த நட்சத்திரக் குறியை இன்றைக்கே எடுங்கள். புகார் வந்தால் பதில் சொல்ல ஆளில்லையென்றால் நடத்தை விதிக் கோப்பை நீக்கிவிடுங்கள், ஆள் கிடைத்ததும் சேர்க்கலாம். சோதனை இன்னும் எழுதவில்லையென்றால் சிவப்பு அடையாளத்தோடே வெளியிடுங்கள். நாங்கள் தெரிந்தே எடுத்துக்கொள்கிறோம்.